மலாவியின் சிவப்புக் கோடு

ஏழாம் வகுப்பில் பள்ளிக் கண்காட்சிக்காகச் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்தார்கள். எனக்கு மலாவி வந்தது. அது ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். உலக நாடுகள் சேர்ந்து வைத்துக்கொண்ட வளர்ச்சி இலக்குகளில் அந்த நாடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சார்ட்டில் காட்ட வேண்டும். பரிசு வாங்கும் சார்ட் பாகூரிலிருந்து பாண்டிக்குப் போகும். வரைந்தவளும் கூடவே பஸ்ஸில் போகலாம்.

டீச்சர் கொடுத்த தாளைப் பார்த்துப் பள்ளிக்கூடம், குடிநீர் எல்லாம் எழுதி முடித்தேன். கடைசியாக ஒரு சிவப்புக் கோடு. மேலே தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு இறங்கி வந்தது.

கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த சித்தப்பா, காலில் சேறு காய்வதற்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி தவுடு, கோடு கீழ வுழுது? ஆலையில கரும்பு வரத்துன்னு கோடு போட்டு மாட்டி வச்சிருக்கான், அது மேல ஏறும். ஏறுனாத்தான்டி முன்னேற்றம். இத்த எடுத்துனு போனா டீச்சர்கிட்ட பாட்டுதான் வாங்குவ."

தவுடு என்பது வீட்டில் என் பெயர். பள்ளியில் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று நான் பயந்துகொண்டிருந்த பெயர்.

இன்று மருந்துச் சீட்டை நான்கு முறை படிக்கிறவள், அன்று அந்தத் தாளை இரண்டாம் முறை படிக்கவில்லை. வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்து, கோட்டை மேல்நோக்கி வரைந்துவிட்டேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள். "அது இன்னா கோடு?"

"அஞ்சு வயசு ஆவறதுக்குள்ள செத்துப்போற கொழந்தைங்கம்மா."

"அத்தப் போயி மேல ஏத்தி வுட்டுருக்கியா?"

அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. சித்தப்பா கால் கழுவப் போனார். அம்மா சோற்றுப் பருக்கையை நசுக்கி இன்னொரு தாளை ஒட்டினாள். என் கையைப் பிடித்துக் கோட்டைக் கீழே இழுத்தாள். நிற்க வேண்டிய இடம் வந்தும் விடவில்லை.

"இங்க நிக்கணும்மா, டீச்சர் தாள்ல..."

"நிக்க வாணாம். போவட்டும்."

பூஜ்யம் போட்டிருந்த அடிக்கோட்டைத் தொட்ட பிறகுதான் கையை விட்டாள்.

கண்காட்சியில் டீச்சர் அந்த இடத்தை விரலால் தட்டினார். "இவ்ளோ தூரம் அவங்க இன்னும் எறங்கலையேம்மா." பரிசு வேறொருத்திக்குப் போனது. ஒரு வாரம் நான் அம்மாவோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

இப்போது என் மகளுக்கு எட்டு மாதம். அவள் உடம்பு லேசாகச் சுட்டாலும் தெர்மாமீட்டரை மூன்று முறை வைத்துப் பார்க்கிறேன், பிறகும் நம்பிக்கை வருவதில்லை. எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து பதினோரு மாதத்தில் வயிற்றுப்போக்கில் போனதையும், நானாவது தங்கட்டும் என்று என்னைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கியதையும், என் பிரசவத்துக்குப் பிறகுதான் அம்மா சொன்னாள்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவால் என் பாண்டிப் பயணம் போயிற்று என்பதுதான்.