புகை ஒழிந்த ஜீப்பு

அப்பாவின் ஜீப்பு வருவது கண்ணில் படுவதற்கு முன்னால் அதன் புகை கண்ணில் பட்டுவிடும். வித்துராவிலிருந்து பொன்முடிக்கு ஏறும் ரோட்டில், ஒரு வளைவு திரும்பி அடுத்த வளைவுக்கு அது முக்கிக்கொண்டு ஏறும்போது பின்னால் கறுப்பாக ஒரு திரை விழும். பைக்கில் வருகிறவர்கள் ஓரமாக நிறுத்தி, திரை கலைந்த பிறகுதான் கிளம்புவார்கள். எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள் அரிசியும் மளிகையும் வாங்கிக்கொண்டு ஏறும்போதே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

“அண்ணாச்சி, இது ஜீப்பா, ஈர வெறகு வச்ச அடுப்பா?” என்று ஒருத்தி கேட்பாள்.

“அடுப்புன்னா எறங்கி ஊதிட்டு வா” என்பார் அப்பா. உள்ளே இருக்கிற எல்லோரும் சிரிப்பார்கள்.

அது பழைய டீசல் வண்டி. நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. மழையில் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோன நாளிலும் மேலே போய்ச் சேர்ந்துவிடும். அதனால் புகையை யாரும் பெரிய குறையாகச் சொன்னதில்லை. குறை சொல்லியிருக்க வேண்டியவள் அம்மா. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஒற்றை ஜன்னல், ஜீப்பு நிற்கும் இடத்தைப் பார்த்துத்தான் திறந்தது. காலையில் எஞ்சின் சூடாகும்வரை அப்பா அதை உறுமவிடுவார். புகை நேராக அடுக்களைக்கு வரும். அம்மா இருமுவாள். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் சாக்கைத் திணிப்பேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இப்போதும் யாராவது இருமினால் என் கண் முதலில் ஜன்னலைத்தான் தேடும்.

ஆரம்பத்தில் ஜீப்பு கிளம்பும்போது மட்டும் இருமினாள். பிறகு ஜீப்பு பொன்முடியில் இருக்கும்போதும் இருமினாள். இந்த இரண்டாவது விஷயத்தை எங்கள் வீட்டில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வித்துராவில் ஒரு டாக்டரிடம் அம்மாவைக் காட்டினோம். அவர் முதுகில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, “வீட்டில் புக உண்டோ?” என்று மலையாளத்தில் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். “உண்டு டாக்டர். ஜீப்பு உண்டு.” டாக்டர் எழுதிக்கொண்டே, “எங்கில் புக ஒழிவாக்கணும்” என்றார். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்க டவுன் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டும் கொடுத்தார்.

ஒழிவாக்கணும் என்றால் மலையாளத்தில் தவிர்க்க வேண்டும் என்று அர்த்தம். நான் பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்ச மலையாளத்துக்கே அது தெரியும். அதற்கடுத்த வருடம் அந்தப் படிப்பும் நின்றது. வீட்டில் சோறு பொங்க ஆள் வேண்டியிருந்தது. பாதி வாழ்க்கையை மலையாளிகளோடு கழித்த அப்பாவுக்குத் தெரியாத வார்த்தை இல்லை. ஆனால் அன்றைக்கு அது அவர் காதில் தமிழாக விழுந்தது. புகையை ஒழிக்க வேண்டும். வெளியே வந்து அம்மாவிடம் அப்படித்தான் சொன்னார். “அவ்வளவுதான் விஷயம், கேட்டியா. புகையை ஒழிச்சா சூக்கேடு மாறும்.” சூக்கேடு என்றால் சீக்கு. இத்தனை சுலபமாக முடிந்ததே என்று எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

மறுநாளே ஜீப்பு வொர்க்‌ஷாப்புக்குப் போனது. அங்கிருந்த மெக்கானிக் சேட்டன் புகையின் நிறத்தைப் பார்த்தே சொன்னார். “கறுத்த புகன்னா டீசல் முழுசா எரியல அண்ணாச்சி. ஒண்ணுகில் காத்து போதல, இல்லெங்கில் டீசல் கூடுதல். உங்க வண்டிக்கு ஸ்வாசம் முட்டு.” மூச்சுத்திணறல் என்று வேடிக்கையாகத்தான் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை.

காற்று வடிகட்டியைக் கழற்றினார்கள். மலை ரோட்டுப் புழுதியெல்லாம் அதற்குள் சேறாக இருந்தது. கழுவி மாட்டியதும் புகை கொஞ்சம் குறைந்தது. அம்மா அன்று நன்றாகத் தூங்கினாள், அல்லது தூங்கியதாகச் சொன்னாள். அப்பா அதைச் சேட்டனிடம் போய்ச் சொன்னார். அடுத்து டீசலைத் தூவும் நாசில்களை மாற்றினார்கள். சமதளத்தில் புகை நின்றது, ஏற்றத்தில் நிற்கவில்லை. “இனி பம்புதான்” என்றார் சேட்டன். பம்பைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். அதைச் சரிசெய்கிற கடை டவுனில், தம்பானூரில்தான் இருந்தது.

டாக்டர் கொடுத்த சீட்டு அதுவரை சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. டவுனுக்குத்தான் போகிறோமே என்று அப்பா அதையும் பம்பு வேலையோடு சேர்த்துக்கொண்டார். பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம், அப்பா மடியில் பம்பு, நடுவில் நான். சாக்கிலிருந்து டீசல் கசிந்து அம்மாவின் நல்ல சேலையில் பட்டுவிடுமோ என்று ஒரு கவலை. டீசல் வாடையில் இருமல் கிளம்பி, பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களோ என்று இன்னொரு கவலை. இரண்டும் நடந்தன. முன் சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார்.

பம்பு கடையில் அதை ஒரு மேசையில் பூட்டி ஓடவிட்டார்கள். கண்ணாடிக் குழாய்களில் டீசல் இறங்கியது. எல்லாவற்றிலும் ஒரே அளவு இறங்க வேண்டுமாம். ஒன்றில் மட்டும் வழிந்தது. “கண்டோ?” என்றார் கடைக்காரர். “இதான் உங்க புக. வேண்டியதுக்கு மேல குடிக்குது.”

“சரியாக்கினா அப்புறம் வராதுல்லா?”

“ஒரு பொட்டு வராது. காரண்டி. உச்ச கழிஞ்சு வாங்க.”

மத்தியானம்வரை பொழுது இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மாவைப் படம் எடுத்து, பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பிறகு அப்பாவை மட்டும் டாக்டர் உள்ளே கூப்பிட்டார். அவர் வெளியே வந்ததும் எங்களைத் தாண்டி நேராகக் குடிதண்ணீர்க் குழாய்க்குப் போனார். முகத்தைக் கழுவினார். துடைக்காமலே திரும்பி வந்தார்.

“என்ன சொன்னாரு?” என்று அம்மா கேட்டாள்.

“பம்பு ரெடியாயிருக்கும். வா, போலாம்.”

அம்மா அவருடைய ஈர முகத்தைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் யாரும் காரண்டி கொடுத்ததாகத் தெரியவில்லை. பம்பு கடைக்காரர் கொடுத்திருந்தார். அதனால் நானும் பம்பைத்தான் நம்பினேன்.

பம்பைப் பூட்டிய அன்று சேட்டனே வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தார். அப்பா அம்மாவைக் கூப்பிட்டு ஜீப்புக்குப் பின்னால் நிற்கவைத்தார். “இப்பப் பாரு” என்று சொல்லி ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எஞ்சின் அலறியது. புகைக்குழாய்க்கு அந்தப் பக்கம் நின்ற செம்பருத்தியின் இலைகள் ஆடின. ஜீப்பு உறுமும்போது அந்தச் செடி பச்சையாகத் தெரிந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

“ஒண்ணுமே இல்லியே” என்றாள் அம்மா.

அப்பா இன்னும் அழுத்தி மிதித்தார். அம்மா உதடுகளை இறுக்கிக்கொண்டு நின்றாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். சேட்டன் மட்டும் அவளைப் பார்த்துவிட்டு, “மதி அண்ணாச்சி, போதும். ஆஃப் செய்யுங்க” என்றார்.

அதன்பிறகு லைன் வீட்டுப் பெண்கள் வேறு குறை சொன்னார்கள். “புகை இல்லாம நீங்க வந்ததே தெரியல அண்ணாச்சி, வண்டியை விட்டுட்டோம்.” அப்பா கியரை மாற்றுவார். ட்ரிப் முடித்து வந்தால் சாப்பிடுவதற்கு முன்னால் பானெட்டைத் தூக்குவார். ஒன்றும் செய்யமாட்டார், பார்த்துக்கொண்டே நிற்பார். உள்ளே அம்மா இருமுவாள். உடனே ஒரு ஸ்பானரை எடுத்து, ஏற்கெனவே முறுக்கியிருந்ததை மறுபடி முறுக்குவார்.

ஒரு காலை, நான் ஸ்கூலுக்குக் கிளம்பும் நேரம். நின்ற ஜீப்பில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பானெட்டுக்குள் குனிந்தபடியே சொன்னார்: “மக்கா, பொறத்த போயி புகை வருதான்னு பாரு.”

பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தப்பாகச் சொல்லிவிடக்கூடாதே என்று என் வெள்ளைக் கைக்குட்டையைக் குழாய்க்கு நேரே பிடித்தேன். சூடான காற்று மட்டும் வந்தது.

“இல்லப்பா.”

“நல்லா பாரு. கொஞ்சமாவது இருக்கும்.”

இன்னும் கிட்டே பிடித்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. அதை அவரிடம் கொண்டுபோய் இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினேன். “சத்தியமா இல்லப்பா. ஒரு பொட்டு இல்ல.” சந்தோஷப்படுவார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு ஜீப்பின் முன்பக்கத்து இரும்பில் மெதுவாக உட்கார்ந்து, ஸ்பானரைத் தரையில் வைத்தார்.

நான் சொன்னதை நம்பவில்லையோ என்று பயந்து அம்மாவிடம் ஓடினேன். அவள் அடுக்களைச் சுவரில் கையூன்றி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஜன்னல் வழியாக, உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள்.

“போயி, கொஞ்சம் கறுப்பு இருக்குன்னு சொல்லு மக்கா.”

“இல்லியேம்மா. பாரு.”

“இருக்குன்னு சொல்லு.”

பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று மிரட்டுகிறவள் அவள். இவ்வளவு நல்ல சேதியை ஏன் மறைக்கச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கைக்குட்டையைப் பிடித்தபடி வாசலில் நின்றேன். வெளியே ஜீப்பு சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.