வணக்கத்திலேயே முடிந்த பரீட்சை

பெனினாவுக்கு வாய் என்று ஒன்று இருப்பது சாப்பாட்டு வேளையில்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் டகோமா நகரில், சமோவாத் தீவுக்காரர்களின் கிறிஸ்தவ சபைப் பாட்டுக்குழுவில் இருபது வருஷமாக நிற்கிறாள். உதடு அசையும், சத்தம் வராது. பக்கத்தில் நிற்கும் நாத்தனார் சியெனியின் குரல் இரண்டு பேருக்குக் காணும் என்பதால் யாரும் கண்டுகொண்டதில்லை.

தீவிலிருந்து வந்த புதிதில், மாமா வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் அவள். இப்போது நாற்பது தாண்டிவிட்டது. முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுகிற வேலை. ஊசி போட வரும் நர்சைத் தினமும் பார்த்துப் பார்த்து, இது நம்மாலும் ஆகும் என்று ஒருநாள் தோன்றிவிட்டது. தோன்றியதை வெளியே சொல்லத்தான் ஒன்றரை வருஷம் பிடித்தது.

நர்ஸ் வகுப்பில் சேர உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் கணக்கு, வரலாறு, அறிவியல் எல்லாம் எப்படியோ தேறினாள். பாக்கி வேற்று மொழிக்கு இரண்டு கிரெடிட். ஜூன் முடிவதற்குள் அது வராவிட்டால், நர்ஸ் வகுப்பில் அவளுக்கென்று வைத்திருந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மாலை வகுப்பின் ஆலோசகர் திருமதி லிண்ட்குவிஸ்ட் வழி சொன்னார். "புதுசா ஸ்பானிஷ் எதுக்குங்க? வீட்டுல சமோவன்தானே பேசுறீங்க? அதுலயே பரீட்சை எழுதுங்க. வாசிக்கணும், கேக்கணும், எழுதணும், பேசணும். நல்லா செஞ்சீங்கன்னா நாலு கிரெடிட்கூட வரும்."

சியெனி அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உனக்கு உன் பாஷையில பரீட்சையா? மீன் குஞ்சுக்கு நீச்சல் பரீட்சை வெச்ச கதையால்ல இருக்கு."

பெனினாவும் சிரித்தாள். கணக்குக்கு முட்டி மோதிப் படித்தவள், இதற்கு ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

பரீட்சை அறையில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். உட்கார்ந்திருப்பவர்களைக் கடக்கும்போது இடுப்பை வளைத்து "துலோ" என்று மன்னிப்புக் கேட்டுப் போவது சமோவாக்காரர்கள் வழக்கம். பெனினா ஆளில்லாத நாற்காலிகளுக்கும் சேர்த்தே குனிந்து, தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். மேற்பார்வைக்கு இருந்தவர், "இடுப்புல வலியாம்மா?" என்று விசாரித்தார்.

வாசித்தாள், கேட்டாள், எழுதினாள். தண்ணீர் பட்ட பாடு. கடைசியில் பேச்சு. திரையில் கேள்வி வரும், மைக்கில் பதில் சொல்ல வேண்டும். 'ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய் என்று உன் தோழியிடம் சொல்.'

தோழி என்று போட்டிருந்தது. ஆனால் மார்க் போடப் போவது தோழியா? எங்கோ உட்கார்ந்து இதைக் கேட்கப் போகிறவர் யார்? போதகராக இருக்கலாம், ஒரு குடும்பத்துத் தலைவராக இருக்கலாம், வயதான டீச்சராக இருக்கலாம். எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாமல் சமோவனில் வாயைத் திறப்பது எப்படி? தெரியாதபோது எல்லாருக்கும் மரியாதை சொல்லிவிடுவதுதான் பத்திரம்.

தொடங்கினாள். முதலில் கடவுளுக்கு மகிமை. பிறகு போதகர்களுக்கும் அவர்கள் துணைவியருக்கும். பிறகு தலைவர்களுக்கு, அவர்கள் சார்பில் பேசும் பேச்சாளர்களுக்கு, ஊர்ப் பெண்களின் சங்கத்துக்கு. உங்கள் முன் வாய் திறக்க அருகதையில்லாத இந்தச் சிறியவளைப் பொறுத்தருளுங்கள் என்று பணிவு. இருபது வருஷம் வாயை மூடிக்கொண்டு கேட்ட பேச்செல்லாம் உள்ளே ஊறிக் கிடந்திருக்கிறது. மடை திறந்தது போல வந்தது. முதல் தடவையாக அவள் குரல் அவளுக்கே பிடித்திருந்தது. "ஞாயிற்றுக்கிழமை நான்" என்று விஷயத்துக்கு வந்தபோது மணி அடித்து மைக் அணைந்தது.

அடுத்த கேள்வி, பிடித்த சாப்பாடு. இதைக் கேட்பவர் வேறு ஆளாக இருந்துவிட்டால்? முதலிலிருந்து மரியாதை. தேங்காய்ப்பால் வரைக்கும் வந்தாள். மூன்றாவது கேள்வியில் அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து, "நல்லாத்தான் பேசினேன் அண்ணி" என்றாள். அப்படித்தான் நம்பவும் செய்தாள்.

முடிவு வந்ததும் திருமதி லிண்ட்குவிஸ்ட் கூப்பிட்டு உட்கார வைத்தார். "மத்த மூணும் பிரமாதம். பேச்சுலதான்... வணக்கம் சொல்லத் தெரியும், பணிவாப் பேசுறாங்க, கேட்ட விஷயம் எதையும் சொல்லலன்னு எழுதியிருக்காங்க. நாலுல எது கம்மியோ அதை வெச்சுத்தான் கிரெடிட். ரெண்டு வந்திருக்கு."

"ரெண்டா? எனக்கு ரெண்டுதானே வேணும்?"

"ஆமா, போதும். ஆனா மார்க் பட்டியல்ல 'சமோவன், தொடக்க நிலை'ன்னு இருக்கும். மறுபடி எழுதி மாத்தலாம். ஆகஸ்ட்லதான் அடுத்த தேதி."

அன்று சமையலறையில், மணி அடித்து மைக் அணைந்தது வரை எல்லாம் கேட்டுவிட்டு, சியெனி கையிலிருந்த சேப்பங்கிழங்கைக் கீழே வைத்துவிட்டாள். "மீன் முங்கிப் போச்சா? தொடக்க நிலையாம்ல. நம்ம குடும்பத்துப் பேரைச் சொன்னா மூணு தீவுல எழுந்து நிப்பாங்க. ஆகஸ்ட்ல போய் ஒழுங்காப் பேசிட்டு வா."

"ஆகஸ்ட்டுக்குள்ள இடம் போயிடும் அண்ணி."

"போனா அடுத்த வருஷம். சபையில தெரிஞ்சா என்ன பதில் சொல்லுவே?"

"தொடக்க நிலையாவே இருந்துட்டுப் போறேன். நான் ஊசி போடணும்."

சியெனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இவள் எதிர்த்துப் பேசி அவள் கேட்டதேயில்லை. "இதை அங்க பேசித் தொலைச்சிருக்கலாம்ல" என்று கிழங்கைக் கையில் எடுத்தாள்.

சான்றிதழ் வந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து சாப்பாட்டு மேசையில் போதகர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். கைதட்டினார்கள். பெனினா நன்றி சொல்ல வேண்டும். எழுந்தாள். கடவுளில் தொடங்கிப் போதகர்களுக்கு வந்தபோது, பின்னாலிருந்து சியெனியின் குரல்: "மணி அடிச்சிடப் போவுது பெனினா."

மேசையே சிரித்தது. பெனினாவுக்குக் கோத்து வைத்திருந்த வரிசை மொத்தமும் மறந்துபோயிற்று. "செப்டம்பர்ல நர்ஸ் வகுப்பு. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. எல்லாரும் சாப்பிடுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு, தலைவர்களில் மூத்தவரான தௌலாவுக்குத் தட்டை ஏந்திக்கொண்டு, குனிந்து துலோ சொல்லிப் போனாள். அவர் தட்டை வாங்கவில்லை.

"நம்ம பாஷையில பரீட்சை எழுதினியாமே. எத்தனை குடுத்தாங்க?"

"ரெண்டுங்கய்யா."

"எத்தனைக்கு?"

"நாலுக்கு."

தலைவர்களுக்கு ஒரு வார்த்தை மரியாதை சொல்லாமல் உட்கார்ந்தவளைக் கிழவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டை வாங்கிக்கொண்டார்.

"சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார்.