கிராணி வீட்டு மீன் தொட்டி

அந்த மீன்களைக் கொன்றது நீங்கள், கிராணி ஐயா. என் புருஷன் இல்லை.

மலாயாவில் கம்யூனிஸ்ட்காரர்கள் காட்டுக்குள்ளிருந்து சண்டை போட்ட அவசர காலம். தோட்டத்துக் கூலிகள் நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் நிற்கிற காவல்காரன் தூக்குவாளியைத் திறந்து பார்ப்பான். நீங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. காலையில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டிவிட்டுப் பிற்பகலில் நான் உங்கள் வீட்டைக் கூட்டினேன். என் புருஷனுக்குப் பால் சேர்க்கிற ஸ்டோரில் வேலை. ரப்பர் பால் உறையாமலிருக்க அமோனியா கலப்பார்.

உங்கள் கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டி ஒழுகியது. இரும்புச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த பட்டி காய்ந்து வெடித்துவிட்டது. புதுப் பட்டி வாங்க மலாக்கா டவுனுக்குப் போகவேண்டும். நீங்கள்தான் சொன்னீர்கள்: "ஸ்டோர்லேருந்து ஒரு டின்னு பால் கொண்டாடா. கேட்டுல நான் சொல்லிக்கிறேன்." காலில் போடுகிற ஓட்டைச் சப்பாத்தையே ரப்பர் பாலால் அடைக்கிற ஆட்கள் நாங்கள். அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மரம் வெட்டுகிற உளியால் பழைய பட்டியைச் சுரண்டினார். கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை. துடைத்து, வெயிலில் காயவைத்து, கோழி இறகால் மூலை மூலையாகப் பூசினார். ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது, மூன்று பூச்சு. மறுநாள் தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"ஐயா, அமோனியா இன்னும் உள்ள இருக்கு. மூணு நாளு தண்ணிய ஊத்தி ஊத்திக் கொட்டணும். அப்புறந்தான் மீனு."

"நாளைக்குத் தொரை டீக்கு வராருடா. வெறுந் தண்ணியவா காட்டச் சொல்ற?"

"மோந்து பாருங்க ஐயா. மூக்கு எரியுது."

"மீனுக்கு ஏதுடா மூக்கு? போ லா."

அடுத்த நாள் பிற்பகல், பேசினில் கிடந்த மீன்களை உங்கள் கையால் தொட்டிக்குள் கவிழ்த்தீர்கள். நான் விளக்குமாற்றோடு பார்த்துக்கொண்டு நின்றேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்து உட்கார்ந்தபோது எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. துரை தமிழிலேயே கேட்டார்: "கிராணி, இது என்ன, சூப்பா?"

உங்களுக்கு முகம் கறுத்துவிட்டது. "வெசம் வச்சிட்டான் தொரை. காட்டுல இருக்கிறவனுங்களோட சகவாசம். டின்னு டின்னா வெளியே கடத்துறான்." பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "இந்தா நிக்கிறா அவன் பொண்டாட்டி. நீயே சொல்லு. நான் சொல்றது பொய்யா?"

வாயைத் திறந்தால் லயத்து வீடு போய்விடும் என்று பயந்தேன். தலையைக் குனிந்தேன். அதையே சாட்சியாக்கிக்கொண்டீர்கள். இருட்டுவதற்குள் போலீஸ் லாரி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. பதினான்கு மாதம் அடைத்து வைத்தார்கள். வீடும் போயிற்று. தஞ்சோங் கிளிங்கில் அடுத்தவர் துணி துவைத்துப் பிழைத்தேன். திரும்பி வந்தவர் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாகும்வரை என்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: "நீ பாத்தேயில்ல?"

இப்போது நீங்கள் கோயில் தலைவர். திருவிழாவில் மைக்கைப் பிடித்து எங்களுக்கு ஒழுக்கம் சொல்கிறீர்கள். இந்த வருஷம் நானும் வருகிறேன். நான் வாயை மூடிக்கொண்டு நின்றதை எல்லார் முன்னாலும் நானே சொல்வேன். சொல்லிவிட்டு மைக்கை உங்கள் கையில் தருவேன். தொட்டியில் மீனை விட்டது யார்? ஊர் கேட்கச் சொல்லுங்கள்.