குறை சொன்னவரே அமைச்சர்

டைம்கீப்பர் சிரித்துப் பார்த்தவர்கள் அந்தப் பேருந்துப் பணிமனையில் யாருமில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுகிறவர். யாராவது ஜோக் சொன்னால், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பார். அப்படிப்பட்ட மனுஷனிடம் போய் ஒரு நையாண்டி நாவலைக் கொடுத்துத் தொலைத்தார் ஒரு கண்டக்டர்.

டைம்கீப்பர் பென்சிலும் அடிஸ்கேலுமாக உட்கார்ந்து படித்தார். கதை இதுதான். குறை கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன ஒரு ராஜா, குறை சொன்னவரே அந்தத் துறைக்கு அமைச்சர் என்று உத்தரவு போடுகிறான். ரோட்டில் பள்ளம் என்றவன் கையில் மண்வெட்டியைத் திணிக்கிறார்கள். மூன்றே மாதத்தில் நாட்டில் குறையே இல்லை. அந்தப் பூரிப்பில் ராஜா ஊர் நடுவே ஒரு வெற்றித்தூண் எழுப்புகிறான்.

"சார், இது சிரிக்கிறதுக்கு எழுதினது," என்றார் கண்டக்டர்.

"நேரா சொன்னா உள்ள தூக்கிப் போட்டுருவாங்கன்னு சிரிப்பு மாதிரி சொல்லியிருக்கார்யா. தோலை உரிச்சுப் பாரு, உள்ள அத்தனையும் அரசியல்!"

அது முழுத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. உத்தரவு வரும் பக்கத்தில் கோடு போட்டு, ஓரத்தில் 'பொறுப்பில்லாமல் உரிமை இல்லை' என்று எழுதினார்.

எழுதியதோடு நின்றிருக்கலாம். அவர் குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்தின் சங்கச் செயலாளரும் அவர்தான். வாசலில் கயிற்றில் தொங்கும் குறைப் புத்தகத்தில் தினம் ஒரு பக்கம் நிரம்பும். அடுத்த கூட்டத்திலேயே சட்டம் வந்துவிட்டது: குறை எழுதுபவரே ஆளைப் பிடித்து, கூடவே நின்று, வேலையை முடித்துத் தர வேண்டும். இரண்டாம் மாடி வங்கிக்காரர் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று எழுதப்போய், மூன்று நாள் லீவு போட்டு பிளம்பர் பின்னால் நாயாய் அலைந்தார். அதோடு சரி. புத்தகம் வெள்ளை வெளேரென்று தொங்கியது.

மூன்றாம் மாடிக்கு ஏறும் படியில் இரும்புக் கைப்பிடி கழன்று ஆட ஆரம்பித்தது அப்போதுதான். முதலில் கவனித்தது அவர் மனைவி. வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவள். பள்ளி திறப்பதற்குள் நூற்றிருபது சட்டை முடிக்க வேண்டும்.

"ஏங்க, அந்த மூணாம் மாடிப் படி இருக்கே..."

"குறையா? புத்தகத்துல எழுது," என்று பேனாவை நீட்டினார்.

வெல்டரைத் தேடி யார் அலைவது? "ஒண்ணுமில்ல," என்று மிஷினை மிதித்தாள்.

இரண்டு வாரம் கழித்து டைம்கீப்பர் பெருமையோடு வந்தார். "கவனிச்சியா? எல்லாரும் சுவரோரமா, ஒருத்தர் பின்னால ஒருத்தரா ஏறுறாங்க. ஒழுக்கம் தானா வந்துருச்சு பாரு!"

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ம்" என்றாள்.

வியாழக்கிழமை காலை, பட்டன் ஓட்டை போடக் கொடுக்க, சட்டை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். எதிரே சுவரோரமாக ஒருவர் ஏறி வந்தார். வழிவிட ஒதுங்கியவள், பழக்கத்தில் கைப்பிடியைப் பற்றினாள். அது கையோடு வந்துவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு.

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?" ஆஸ்பத்திரி பெஞ்சில் கேட்டார் அவர்.

"சொல்லத்தான் வந்தேன். நீங்க பேனாவை நீட்டினீங்க."

வீட்டுக்கு வந்ததும் நாவலை எடுத்தார். கடைசி அத்தியாயத்தில் ராஜாவின் தூண் சாய்கிறது. சொன்னவன் நிமிர்த்த வேண்டுமே என்று ஊரே அதைச் சுற்றிக்கொண்டு போகிறது, ஒரு நாள் அது சந்தைக்கூட்டத்தின் மேல் விழும்வரை. பக்க ஓரத்தில் அவருடைய சொந்தக் கையெழுத்து: 'இது மிகை.' அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் குறைப் புத்தகத்தைத் திறந்தார். இடது கையால் எழுதிய கோணல்மாணல் எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அவரே சத்தமாக வாசித்தார்: "செயலாளர் சரியில்லை."

வங்கிக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப சட்டப்படி, இனிமே அவங்கதானே செயலாளர்?"

"ஆமா," என்றாள் மாவுக்கட்டுக்காரி. "முதல் வேலை, அந்தச் சட்டம் ரத்து. ரெண்டாவது, வெல்டர். கூட நிக்கிறது இவரு. மூணாவது..." என்று புருஷன் பக்கம் திரும்பினாள். "நூத்திருபது சட்டைக்கும் பட்டன் வைக்கணும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சட்டைகளை முடித்துக் கொடுக்க எதிர்வீட்டு அக்கா ஒத்துக்கொண்டாள். பட்டன் மட்டும் அவர் பாடு.

அன்று சாயங்காலம் நாலாவது சட்டையிலேயே ஊசி விரலில் ஏறியது. உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த பட்டனை எடுத்தார்.

"வலிச்சா வாயைத் திறந்து சொல்லுங்க," என்றாள் அவள். "அந்தச் சட்டம்தான் போயிருச்சே."

"வலிக்குது," என்றார்.