கிழிந்த தோலும் அதிர்ந்தது

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் டீ குடிக்க எழுந்து போய்விடுகிற ஆள் நான். பத்தாவது வரை படித்தவன். அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் ஒப்பந்த உதவியாளர். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

அங்கே ஆராய்ச்சி மாணவி நித்யா மேடத்திடம் நகத்தளவு சிப் ஒன்று இருந்தது. அதில் மேளத்தோல் மாதிரி இரண்டு பொடித் தோல்கள், மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் அதிரும். லேசர் வெளிச்சம் பட்டால் இரண்டும் ஒரே வேகத்துக்கு வரவேண்டும், திரையில் அவற்றின் வேகத்தைக் காட்டும் இரண்டு கோடுகளும் ஒன்றாகவேண்டும். அதைக் காட்டினால்தான் அவருக்குப் பட்டம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தேன். சிப் டப்பாவை மட்டும் விட மனசு வரவில்லை. சந்தன விரலோடு எடுத்தேன், வழுக்கி விழுந்துவிட்டது. சிப்பில் தூசி இருக்கிறதா என்று பார்க்க மேடம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார், அதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஒரு தோல் கிழிந்து சுருண்டு கிடந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

விடுமுறை முடிந்து மேடம் சிப்பைப் பொருத்தி லேசரைப் போட்டார். கிழிந்த தோல் அதிராது, ஒரு கோடுதான் வரும், மாட்டிக்கொண்டோம் என்று நின்றேன். திரையில் இரண்டு கோடுகளும் வந்தன, நெருங்கின, ஒன்றாயின.

"வேலண்ணா, சேர்ந்துடுச்சு பாருங்க. எல்லாம் உங்க பொட்டு மகிமை" என்று சிரித்தார்.

"இன்னா மேடம் நீங்க" என்றேன்.

மதியம் சிப்பை எடுத்துப் பார்த்தவர், "இப்பதான் கிழிஞ்சிருக்கு போல. பரவால்லண்ணா, ரீடிங் இருக்கு" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ரீடிங்கைப் பார்த்த பேராசிரியர்கள், இப்படி வரவே வராது, இது நீயே போட்ட கோடு என்றார்கள். "வேலண்ணா கூடவே இருந்தாரு, கேளுங்க சார்" என்றார் மேடம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் கவனிக்கல சார்" என்றேன். அந்த மாதமே அவர் படிப்பை விட்டுப் போய்விட்டார்.

போகும்போது என்னிடம் கோபப்படவில்லை. அந்தக் கோடுகளின் தாளை எடுத்து ஒரு விஷயத்தை மட்டும் காட்டினார். எப்போதும் இரண்டும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து நடுவில் சேருமாம். அன்று கிழிந்த தோலின் கோடு இம்மியும் நகரவில்லை. நல்ல தோல்தான் தன் வேகத்தை விட்டுவிட்டு அதனிடம் போயிருந்தது.