முக்காட்டில் உதிர்ந்த பவளமல்லி

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெண், தன் அம்மாவோடு ராஜபாளையத்தில் இருக்கும் என் தையல் கடைக்கு வந்தாள். வருகிற ஞாயிறு அவளுக்கு நிக்காஹ். சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டி, இப்போதுதான் பொடிப்பொடியாக முளைக்கிறது.

“அக்கா, எனக்குப் பூ வைக்க வழியில்ல. முக்காடாவது நல்லா இருக்கணும்.”

போனில் எத்தனையோ டிசைன் காட்டினேன். எதுவும் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை என் தோட்டத்தில், புல்லில் காயப்போட்டு எடுக்க மறந்த பச்சைத் துணி மேல் பவளமல்லி உதிர்ந்து கிடந்தது. சில மல்லாந்து, சில குப்புற, ஆரஞ்சுக் காம்பு மேலே தெரிய. அப்படியே வரைந்துகொண்டேன். அவள் முக்காட்டின் நெற்றி ஓரத்தில் அதே மாதிரி ஆரி ஊசியால் பூத்தையல் போட்டேன்.

இன்றைக்கு வந்து போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்று இப்படியும் அப்படியும் திரும்பினாள்.

அவள் அம்மா முக்காட்டைச் சரிசெய்வது போலக் கிட்டே வந்து, பூவை மோந்து பார்த்தார்.

“ஏம்மா, நூல்ல வாசம் வருமா?” என்று சிரித்தாள் பெண்.

“வருது. ஏட்டி, செத்த நேரம் ஆடாம நில்லு.” அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கல்யாணத்தில் போட்டோவே வேண்டாம் என்றிருந்தவள், தன் போனை என்னிடம் நீட்டினாள்.

“எடுங்க அக்கா. மாப்பிள்ளைக்கு அனுப்பணும்.”

பத்துப் படம் எடுத்தேன். ஒன்பதில் என் கட்டைவிரல்தான் தெரிகிறது. உங்களில் யாருக்காவது இந்த வியாதி உண்டா?