ஜானவாச ஜீப்

எங்கள் சித்தப்பாவுக்கு எதுவும் உடனே நடந்தாக வேண்டும். காபி ஆறப் பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற மனுஷர். பட்டாளம் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. ஆனால் மிதித்தவுடன் சீறவில்லையே என்று அவருக்கு ஒரே குறை. எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரத்தைப் பாலக்கரை லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து இளைக்க வைத்தார். அப்புறம் வண்டி தொட்டால் சீறியது. மெல்லப் போகச் சொன்னால் மட்டும் உயிரை விட்டது.

அதற்கும் வழி வைத்திருந்தார். கொள்ளிடத்து மணலில் போகும்போது, கியருக்குப் பக்கத்திலிருந்த குட்டிக் கம்பிகளை என்னையே இழுக்கச் சொல்வார். "இதைப் போட்டுட்டா ஆமையா ஊரும். ஆனா நிக்காதுடி."

அந்த வருஷம் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் காலேஜ் பரீட்சைக்கு முன்னாலேயே முகூர்த்தம். டில்லி மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம். "பரீட்சையாவது எழுதட்டுமே" என்று சித்தப்பா ஒருவர்தான் கத்தினார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையை அழைத்துவரும் ஜானவாச ஊர்வலத்துக்கு வண்டி பெண் வீட்டார் பொறுப்பு. பூச்சரம் சுற்றிய ஜீப்பில் சூட்டும் கோட்டுமாக மாப்பிள்ளை, அவரைச் சுற்றித் தெருக் குழந்தைகள், முன்னால் சித்தப்பா பக்கத்தில் நான். நாதஸ்வரக்காரர் நடைக்கு வண்டி ஊர வேண்டும். உத்திர வீதி திரும்புவதற்குள் நின்றுவிட்டது. கிளப்பினார், உறுமியது, ஒரு குதி குதித்தது, மறுபடி நின்றது. மாப்பிள்ளையின் மாலை மூக்கில் ஏறியது. சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள்.

அப்பா ஓடிவந்தார். "மானத்த வாங்கறியேடா!"

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குட்டிக் கம்பியில் கை வைத்தேன். சித்தப்பா என் கையை எடுத்து என் மடியிலேயே வைத்தார்.

"கம்பி, சித்தப்பா!"

"தெரியும். சும்மா இரு."

கடைசியில் நாலு பேர் சத்திரம்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஓடாத வண்டியின் ஸ்டியரிங்கைச் சித்தப்பா இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பெட்ரோல் புகை என்று நினைத்தேன்.

சித்தப்பா கம்பியை மறந்த கதையை அதற்கப்புறம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். தீபாவளிக்கு டில்லியிலிருந்து வந்த அத்தையிடமும் சொன்னேன். அவளும் சிரிக்கத்தான் தொடங்கினாள்.

"அவனா மறந்தான்?" என்றவள் சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

அடுப்பில் பால் வைத்திருந்தாள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.